சிங்கப்பூரில் கலங்கரை விளக்கம் பார்க்கப் போகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊரிலிருந்து உறவினர்கள் வந்தால், செந்தோசாவும் லிட்டில் இந்தியாவும் முடிந்த மூன்றாம் நாள் "வேற என்ன இருக்கு?" என்று கேட்பார்கள். நான் கலங்கரை விளக்கங்களைப் பற்றிச் சொல்லத் தொடங்குவேன். உடனே கேள்விகள் வரும். அத்தை கேட்டதும், அலுவலகத் தோழர் கேட்டதும், மகளின் வகுப்புத் தோழி கேட்டதும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். அவர்கள் கேட்டபடியே எழுதிப் பதிலும் தந்திருக்கிறேன்.

சிங்கப்பூர்ல லைட்ஹவுஸ் எல்லாம் இருக்கா என்ன?

இருக்கின்றன. சிங்கப்பூர்க் கடல்துறை, துறைமுக ஆணையம் ஐந்து கலங்கரை விளக்கங்களை நடத்துகிறது. கிழக்கே பெட்ரா பிராங்கா பாறையில் ஹார்ஸ்பர்க். தெற்கே சாத்துமு தீவில் ராஃபிள்ஸ். மேற்கே சுல்தான் ஷோல். மலேசியாவுக்குச் சொந்தமான பீசாங் தீவில் ஒன்று. ஐந்தாவது பிடோக் விளக்கு, அது நிற்கும் இடத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். கீழே தனியாகச் சொல்கிறேன்.

வயதில் மூத்தது ஹார்ஸ்பர்க். 1850 மே 24 அன்று அடிக்கல் நாட்டி, 1851இல் விளக்கேற்றினார்கள். அடுத்தது ராஃபிள்ஸ். அதன் அடிக்கல் 1854இல், அதே மே 24இல். தேதி ஒன்றாக இருப்பது தற்செயலாக நடந்ததில்லை, அது விக்டோரியா அரசியின் பிறந்தநாள். 1855 டிசம்பர் 1 முதல் ராஃபிள்ஸ் விளக்கு எரிகிறது.

கலங்கரைன்னா கடற்கரைதானே? கரையில இல்லாம தீவுல இருந்தா எப்படிக் கலங்கரை?

நல்ல கேள்வி. இந்தச் சொல்லில் வரும் "கரை" கடற்கரை இல்லை. கரைதல் என்றால் அழைத்தல். காக்கை கரைகிறது என்கிறோமே, அதே சொல்தான். கலம் என்றால் கப்பல். கலங்களைக் கரையும் விளக்கம், அதாவது கப்பல்களை அழைக்கும் விளக்கு. பெரும்பாணாற்றுப்படையில், ஏணி சாத்திய உயர்ந்த மாடத்தில் இரவில் ஏற்றிய சுடர் கடலில் ஓடும் கலங்களை அழைப்பதாக வருகிறது. எனவே பாறையில் நின்றாலும், தீவில் நின்றாலும், அடுக்குமாடி உச்சியில் நின்றாலும் பெயர் பொருந்தும்.

சரி, எதுல ஏறிப் பார்க்கலாம்?

இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது: மேலே சொன்ன ஐந்தில் எதிலும், நினைத்த நாளில் போய் டிக்கெட் வாங்கி ஏற முடியாது. மாமல்லபுரத்திலும் சென்னை மெரினாவிலும் ஏறிப் பழகிய நம் ஊர்க்காரர்களுக்கு இது பெரிய ஏமாற்றம். இரண்டு பழைய விளக்கங்களும் நடுக்கடலில், கப்பல் போக்குவரத்து நெருக்கும் இடத்தில் இருக்கின்றன. இறங்கவே அனுமதி வேண்டும்.

ஆணையம் சில சமயம், கடல்துறை வாரம் போன்ற நிகழ்ச்சிகளையொட்டி, பொதுமக்களை அழைத்துப் போயிருக்கிறது. அப்படி அறிவிப்பு வந்தால் தயங்காமல் பதிவு செய்யுங்கள். ஆனால் அதை நம்பி விமான டிக்கெட் போடாதீர்கள்.

அப்புறம் எதைத்தான் பார்க்கறது?

கரையிலிருந்து பார்க்க நான்கு இடங்கள். ஃபோர்ட் கேனிங் குன்று, ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா, லாப்ரடார், டுவாஸ். இவற்றில் லாப்ரடாரைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். எம்ஆர்டி (நகர ரயில்) நிலையத்திலிருந்து நடைபாதை வழியாகக் கடலோரம் போனால், தஞ்சோங் பெர்லாயர் முனையில் சிவப்பு நிறத்தில் ஒரு சிறிய தூண் நிற்கும். 1930இல் கட்டிய துறைமுகக் குறிவிளக்கு அது. கெப்பல் துறைமுகத்துக்குள் நுழையும் கப்பல்களுக்கு வழி காட்டியது.

பக்கத்தில் ஒரு பாறையின் மாதிரி வடிவமும் இருக்கும். இந்த இடத்தில் நீரிலிருந்து எழும்பி நின்ற உண்மைப் பாறையைச் சீன மாலுமிகள் டிராகன் பல் வாசல் என்று சொல்லி அடையாளமாக வைத்திருந்தார்கள். விளக்கு இல்லாத காலத்தில் பகலில் வழிகாட்டிய பாறை. கால்வாயை அகலப்படுத்த 1848இல் ஆங்கிலேயர் அதை வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். இப்போது நிற்பது 2005இல் வைத்த மாதிரி. அதன் முன்னால் நின்றால் எனக்கு ஒவ்வொரு முறையும் மனம் கனக்கும்.

ஃபோர்ட் கேனிங் மேல விளக்கு இருக்கே, அங்கேருந்து கடலே தெரியலையே?

இப்போது தெரியாது. குன்று இருந்த இடத்திலேயே இருக்கிறது, கடல்தான் தள்ளிப் போய்விட்டது. பீச் ரோடு ஒரு காலத்தில் உண்மையாகவே கடற்கரைச் சாலை. நிலமீட்பு, அதாவது கடலை மண் கொட்டி நிரப்புவது, செய்து செய்து மரினா பே வரை நிலம் வந்துவிட்டது.

குன்றின் மேல் 1903இல் இரும்புக் கோபுரம் அமைத்து விளக்கு வைத்தார்கள். நகரக் கட்டடங்கள் உயர்ந்து ஒளியை மறைக்கத் தொடங்கியதும், 1958இல் அதை நிறுத்தி, அப்போது தலைமை அஞ்சலகம் இருந்த ஃபுல்லர்ட்டன் கட்டடத்தின் உச்சிக்கு விளக்கை மாற்றினார்கள். இருபது ஆண்டுகளில் அதையும் கட்டடங்கள் சூழ்ந்துகொண்டன. இன்று குன்றில் நீங்கள் பார்ப்பது பழைய கோபுரத்தின் மாதிரி வடிவம். பக்கத்தில் கொடிமரமும், நேரப் பந்தும் இருக்கும். அந்தக் காலத்தில் பகல் ஒரு மணிக்குப் பந்து கம்பத்திலிருந்து இறங்கும். துறைமுகத்தில் நிற்கும் கப்பல்கள் அதைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரி செய்துகொள்ளும். பிள்ளைகளுக்கு விளக்கை விட இந்தப் பந்துதான் பிடிக்கிறது.

புளோக் மேல லைட்ஹவுஸ் இருக்குன்னு சொல்றீங்களே, நிஜமா?

நிஜம். ஃபுல்லர்ட்டன் விளக்குக்கு மாற்றாக 1978இல் வந்ததுதான் பிடோக் கலங்கரை விளக்கம். லகூன் வியூ என்ற 25 மாடிக் குடியிருப்பின் கூரையில் இருக்கிறது. தனியாகக் கோபுரம் கட்டாமல் மக்கள் வசிக்கும் கட்டடத்தையே கோபுரமாக்கிக்கொண்டார்கள். ஆள் இல்லாமல் தானாக இயங்குகிறது.

மேலே போக முடியாது, அங்கே குடும்பங்கள் வசிக்கின்றன, லிஃப்டில் ஏறிப் பார்க்கலாம் என்று முயலவும் கூடாது. இருட்டிய பிறகு ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்குப் போய், கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, கூரைகளைப் பாருங்கள். சில விநாடிக்கு ஒரு முறை வெள்ளை ஒளி வெட்டிப் போகும். தினமும் அங்கே சைக்கிள் ஓட்டுகிறவர்களில் பலர் அதைக் கவனித்ததே இல்லை.

இன்ஸ்டாகிராம்ல ராஃபிள்ஸ் லைட்ஹவுஸ் முன்னாடி சூரிய அஸ்தமனப் படம் போடறாங்களே. நீங்க போக முடியாதுங்கறீங்க?

அது ராஃபிள்ஸ் மரினாவில் இருக்கும் விளக்கு. பெயர்க் குழப்பம்தான். டுவாஸில் உள்ள படகு மன்றம் அது. அங்குள்ள கலங்கரை விளக்கம் 1990களில் வந்தது. டுவாஸ் லிங்க் எம்ஆர்டி நிலையத்தில் இறங்கி நடந்தே போய்விடலாம். மாலையில், மலேசியாவுக்குப் போகும் இரண்டாவது இணைப்புப் பாலத்துக்குப் பின்னால் சூரியன் இறங்குவது அழகு. தாராளமாகப் போங்கள், படம் எடுங்கள். ஆனால் 1855இல் எரியத் தொடங்கிய ராஃபிள்ஸ் விளக்கு இது இல்லை. வரலாற்றுக்காக வருகிறவர்களை டாக்சிக்காரர் இங்கே கொண்டுபோய் இறக்கிவிட்ட கதை எனக்கு இரண்டு பேர் சொல்லியிருக்கிறார்கள்.

அந்தப் பழைய ராஃபிள்ஸ் விளக்கு பக்கத்துலயாவது போக வழி இருக்கா?

படகில் போய்க் கடலிலிருந்து பார்க்கலாம். தென் தீவுகளைச் சுற்றும் சில உல்லாசப் படகுகள் அந்தப் பக்கம் போகும். சிங்கப்பூரின் தென்கோடித் தீவு அது. மலாயில் "சாத்து" என்றால் ஒன்று, "தூமு" ஒரு வகை அலையாத்தி மரம். ஒற்றை மரத் தீவு. சுற்றிலும் பவளப்பாறை, தண்ணீரின் நிறமே மாறியிருக்கும்.

பணம் கட்டுவதற்கு முன் மூன்று விஷயம் கேளுங்கள்: விளக்கிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்பீர்கள், எத்தனை நிமிடம் நிற்பீர்கள், கடல் சரியில்லை என்றால் என்ன செய்வீர்கள். நான் முதல் முறை போனபோது இதைக் கேட்கவில்லை. விளக்கு தெரியும் என்று சொல்லித்தான் அழைத்துப் போனார்கள். அலை அதிகம் என்று பாதி வழியில் திரும்பிவிட்டார்கள், பணமும் திரும்பவில்லை. உடன் வந்த என் மாமனாருக்கு அப்போது எழுபத்தாறு வயது. அவரை மறுபடி அழைத்துப் போக எனக்கு வாய்க்கவில்லை. அதனால்தான் இதை வலியுறுத்திச் சொல்கிறேன்.

கயாக்ல போயிடலாமா?

வேண்டாம். உலகிலேயே நெருக்கமான கப்பல் பாதைகளில் ஒன்று பக்கத்தில் ஓடுகிறது. அருகிலுள்ள செனாங், பாவாய், சூடோங் தீவுகள் ராணுவத்தின் துப்பாக்கிப் பயிற்சிப் பகுதி. டிரோன் விடலாமா என்று கேட்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன். சிங்கப்பூரில் டிரோனுக்கு விதிகள் கடுமை, அனுமதி இல்லாமல் தொடாதீர்கள்.

ராஃபிள்ஸ் பேரு இருக்கே, அவரா கட்டினாரு?

இல்லை. அவர் 1826இலேயே இறந்துவிட்டார். அவர் நினைவாகப் பெயர் வைத்தார்கள். அடிக்கல் நாட்டியவர் ஆளுநர் பட்டர்வர்த். ஹார்ஸ்பர்க் விளக்கும் அப்படித்தான். கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கடல் வரைபடங்கள் தயாரித்த ஜேம்ஸ் ஹார்ஸ்பர்க் என்ற ஸ்காட்லாந்துக்காரரின் நினைவுப் பெயர்.

அப்ப உண்மையில கட்டினது யாரு? நம்ம ஆளுங்கன்னு சொல்றாங்களே?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் நான் இவ்வளவும் எழுதுகிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ராஃபிள்ஸ் விளக்கின் கல் வேலையைச் செய்தவர்கள் இந்தியக் கைதிகள். நாடுகடத்தல் தண்டனை பெற்றுக் கப்பலில் வந்தவர்கள். 1825 ஏப்ரலில் சுமத்ராவின் பென்கூலனிலிருந்து முதல் குழுவாக இங்கே வந்த எண்பது பேரும் சென்னை மாகாணத்துக் கைதிகள். அடுத்து வங்காளத்தவர் வந்தார்கள், பிறகு பம்பாய் மாகாணத்தவரும் வந்தார்கள். 1873 வரை இந்த முறை நீடித்தது. சாலை போட்டார்கள், சதுப்பு நிலத்தை மேடாக்கினார்கள், இன்று இஸ்தானா எனப்படும் ஆளுநர் மாளிகையைக் கட்டினார்கள்.

ஹார்ஸ்பர்க்கின் கதை இன்னும் கடினமானது. அரசு நில அளவையாளர் ஜான் டர்ன்புல் தாம்சன் வடிவமைத்தார். உபின் தீவில் கருங்கல்லை வெட்டிச் செதுக்கி, கரையிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கும் மேலே உள்ள பாறைக்குப் படகில் கொண்டுபோனார்கள். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அங்கே இறங்கவே முடியாது. சீனக் கல்தச்சர்கள், மலாய்ப் படகோட்டிகள், இந்தியக் கைதிகள் எல்லாரும் சேர்ந்து வேலை செய்தார்கள். அலையடிக்கும் மொட்டைப் பாறையில், நல்ல தண்ணீர்கூட வெளியிலிருந்து வரவேண்டிய நிலையில்.

விளக்கைத் தொட முடியாது என்றால் அவர்கள் கைவேலையை எங்கே தொடுவது? சிட்டி ஹால் எம்ஆர்டியில் இறங்கி செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்குப் போங்கள். ராஃபிள்ஸ் விளக்கு முடிந்த மறு ஆண்டு, 1856இல் தொடங்கிய கட்டடம். அதையும் இந்தியக் கைதிகள்தான் கட்டினார்கள். சுவர்ப் பூச்சுக்கு "மெட்ராஸ் சுனம்" என்று பெயர், நம் சுண்ணாம்புதான். கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் சேர்த்து அரைத்துப் பூசித் தேய்த்தது. செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பக்குவம் கேட்ட மாத்திரத்தில் புரியும். தேவாலயம் வழிபாட்டு இடம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பெட்ரா பிராங்கா கேஸ்ல ஜெயிச்சது சிங்கப்பூர்தானே? அப்ப போய்ப் பார்க்கலாமே?

பாறை யாருக்கு என்று சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் நடந்த வழக்கில், அனைத்துலக நீதிமன்றம் 2008 மே 23 அன்று பெட்ரா பிராங்கா சிங்கப்பூருக்கு என்றும், பக்கத்திலுள்ள மிடில் ராக்ஸ் மலேசியாவுக்கு என்றும் தீர்ப்பளித்தது. ஆனாலும் சுற்றுலாவுக்கு அது திறந்த இடமில்லை.

"விளக்கு கட்டினதால பாறை கிடைச்சிடுச்சு" என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. தொடக்கத்தில் பாறை, இன்று மலேசியாவின் மாநிலமாக உள்ள ஜோகூருக்குச் சொந்தமாக இருந்தது என்றே நீதிமன்றம் சொன்னது. பிற்காலத்தில் இரு தரப்பும் நடந்துகொண்ட விதத்தால் உரிமை மாறியது என்பதுதான் தீர்ப்பு. 1953இல் ஜோகூர் அரசு, அந்தப் பாறைக்குத் தான் உரிமை கோரவில்லை என்று எழுதிய கடிதம் அதில் முக்கியம்.

பீசாங் தீவு மலேசியாவுல இருக்கு, விளக்கை சிங்கப்பூர் பார்த்துக்குது. குழப்பமா இருக்கே?

முந்தைய பதிலோடு சேர்த்துப் பாருங்கள், தெளிவாகிவிடும். பீசாங் விளக்கம் 1886இல் வந்தது. 1900இல் ஜோகூர் சுல்தானுடன் செய்த உடன்பாட்டின்படி விளக்கை நடத்தும் பொறுப்பு மட்டும் சிங்கப்பூரிடம் இருக்கிறது. நிலம் மலேசியாவுடையது, அதைச் சிங்கப்பூரும் ஏற்றுக்கொள்கிறது.

ஜிபிஎஸ் இருக்கிற காலத்துல இதெல்லாம் எதுக்கு?

கருவி பழுதாகலாம், சமிக்ஞையை யாராவது குழப்பலாம். மாலுமி கண்ணால் பார்த்துச் சரிபார்க்க ஒன்று வேண்டும். விளக்கு மாறாத இடத்தில் நிற்கிறது. மின்விளக்கு, சூரிய சக்தி எல்லாம் வந்து, எண்ணெய்த் திரி போய் வெகுகாலம் ஆகிவிட்டது. வேலை மட்டும் அதேதான்.

ராத்திரி கடல்ல எல்லா விளக்கும் ஒரே மாதிரிதானே மின்னுது? எது எதுன்னு எப்படித் தெரியும்?

ஒவ்வொன்றுக்கும் தனித் தாளம் உண்டு. ராஃபிள்ஸ் 20 விநாடிக்கு ஒரு முறை மூன்று மின்னல். ஹார்ஸ்பர்க் 10 விநாடிக்கு ஒன்று. கடல் வரைபடத்தில் இந்தத் தாளம் அச்சிட்டிருக்கும். மாலுமி எண்ணிப் பார்த்து, "இது இன்ன விளக்கு" என்று முடிவு செய்வார். பகலில் அடையாளம் காண வண்ணம் உதவும். ஹார்ஸ்பர்க் கறுப்பு வெள்ளைப் பட்டைகளோடு இருப்பது அதற்காகத்தான். ஈஸ்ட் கோஸ்ட்டில் பிடோக் விளக்கைப் பார்க்கும்போது பிள்ளைகளிடம் கடிகாரத்தைக் கொடுத்து இடைவெளியை எண்ணச் சொல்லுங்கள். அரை மணி நேரம் நகர மாட்டார்கள்.

ராஃபிள்ஸ் விளக்கு 20 கடல் மைல் தெரியும்னு போட்டிருக்கு. எங்க வீட்டு மாடியிலேருந்து ஏன் தெரியலை?

20 கடல் மைல் என்றால் 37 கிலோமீட்டர். அது கப்பலின் உயரத்திலிருந்து, நடுவில் தடை இல்லாமல், தெளிந்த வானத்தில் பார்க்கிற கணக்கு. பூமி வளைந்திருப்பதால், 30 மீட்டர் உயரத்தில் உள்ள விளக்கு கடல் மட்டத்தில் இருப்பவருக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வரைதான் தெரியும். பார்ப்பவரும் உயரத்தில் இருந்தால் அந்தத் தூரமும் இதோடு கூடும். உங்கள் மாடிக்கும் சாத்துமுவுக்கும் நடுவே கட்டடங்கள், எண்ணெய் ஆலைத் தீவுகள், நங்கூரமிட்ட நூற்றுக்கணக்கான கப்பல்களின் விளக்குகள் எல்லாம் இருக்கின்றன. ஃபோர்ட் கேனிங் விளக்கை அணைத்ததும் இதே மாதிரித் தடைகள்தான்.

அப்பா அம்மா ஒரு வாரம்தான் இருப்பாங்க. ஒரே நாள்ல என்ன பார்க்கலாம்?

காலை எட்டரைக்கு ஃபோர்ட் கேனிங், வெயில் ஏறுவதற்குள். படிகளும் சரிவும் உண்டு, மெதுவாக ஏறட்டும். அங்கிருந்து செயின்ட் ஆண்ட்ரூஸ். மதியம் சாப்பாடு, ஓய்வு, இதில் அவசரப்படாதீர்கள். நாலரை மணிக்கு லாப்ரடார், தட்டையான கடலோரப் பாதை என்பதால் முதியவர்களுக்குச் சிரமமில்லை. இருட்டியதும் ஈஸ்ட் கோஸ்ட். டுவாஸை இதே நாளில் சேர்க்க வேண்டாம், தீவின் மறுகோடி அது.

எங்க தாத்தா உபின்ல கல் உடைச்சவரு. அவர் உடைச்ச கல்லும் இந்த விளக்குல இருக்குமா?

இதைக் கேட்டவர் அறுபது வயது தாண்டிய ஒரு அம்மா. ஆண்டுக் கணக்கு அதற்கு இடம் தரவில்லை. விளக்குகளின் கல் 1850களில் வெட்டியது, அவர் தாத்தா வேலை செய்தது 1920 வாக்கில். ஆனால் அதே தீவு, அதே கருங்கல். அவர் காலத்தில் உபின் கல் போய்ச் சேர்ந்த பெரிய வேலை ஜோகூர் பாலம். 1919இல் தொடங்கி 1924இல் திறந்தார்கள். மலேசியாவுக்குப் பேருந்தில் போகும்போது உங்கள் தாத்தா உடைத்த கல்லின் மேல் போயிருக்கக்கூடும் என்று சொன்னேன். அந்த அம்மா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

உபினில் கடைசிக் கல்குவாரி 1999இல் மூடியது. சாங்கி முனையிலிருந்து படகு உண்டு, 12 பேர் சேர்ந்ததும் கிளம்பும். இறங்கிச் சிறிது தூரத்தில் பெக்கான் குவாரி. கல் எடுத்த பள்ளம் முழுக்க இப்போது தண்ணீர், நடுத்திட்டில் நாரைகள் கூடு கட்டும். எதிர்ச்சுவரில் கருங்கல் செங்குத்தாக, வெட்டிய நிலையிலேயே நிற்கிறது.